வயிற்றுத் திசுவால் மார்பக மறுசீரமைப்பு: ஒருவர் நூற்றுக்கு இரண்டு என்கிறார், மற்றவர் மூவரில் ஒருவர் என்கிறார்

இளையவள் கேட்டது:

என் அக்காவுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மார்பகம் முழுவதையும் அகற்றினார்கள். அதன்பின் கீமோதெரபியும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்துவிட்டன. அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் எடுத்து, அவற்றுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்களை மார்பிலுள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்துப் புதிய மார்பகத்தை உருவாக்கும் 'டீப் ஃபிளாப்' அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறோம். அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். புற்றுநோய் திரும்பாமலிருக்கத் தரும் தமாக்ஸிஃபென் மாத்திரையும் தொடர்கிறது. புகைப்பழக்கம் இல்லை.

இரண்டு பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்தோம். முதலாமவர், தோல்வியடையும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான் என்றும், தாம் கடைசியாகச் செய்த 40 பேரில் ஒருவருக்குக்கூட ஃபிளாப், அதாவது மாற்றிவைத்த திசு, கெட்டுப்போகவில்லை என்றும் சொன்னார். இரண்டாமவரோ, மூவரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் வரும், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு வாருங்கள் என்றார். இருவருமே பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். இரண்டாமவருக்குக் கைத்திறன் போதாது, அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பதும் விளங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மாலைநிலா எழுதியது:

எண்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள் சகோதரி. எந்த மருத்துவரிடம் பேசும்போது உங்கள் அக்காவுக்கு மனம் நிம்மதியாக இருக்கிறதோ, அவரிடமே போங்கள். எத்தனை விழுக்காடாக இருந்தாலும், வருகிறவருக்கு அது நூற்றுக்கு நூறுதான்.

சீரமைப்பாளர் எழுதியது:

மேலே எழுதியவரின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நான் இத்துறையில் பணிபுரியும் அறுவை மருத்துவர். நிம்மதி தரும் பேச்சை வைத்து மருத்துவரைத் தேர்ந்தெடுத்த நோயாளிக்கு, பிறகு வயிற்றுத் தையலின் ஓரம் பிரிந்து, வாரக்கணக்கில் கட்டு மாற்ற நேரும்போது, 'இதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை' என்று எழுகிற வருத்தம் காயத்தைவிட ஆறாததாக இருக்கிறது.

அந்த இரண்டு மருத்துவர்களும் உண்மையையே சொல்லியிருக்கலாம். அவர்கள் எண்ணியது வேறு வேறு நிகழ்வுகளை. முதலாமவர் சொன்னது ஃபிளாப் முழுவதுமாக இறந்துபோவதைப் பற்றி. பழகிய கைகளில் அது நூற்றில் சிலருக்கு மட்டுமே நேர்கிறது. இரண்டாமவர் சொன்னது, சிகிச்சைக்குப் பிறகு எதிர்பார்த்த பாதையிலிருந்து எந்த வகையிலாவது விலகிய எல்லாவற்றையும் பற்றி: வயிற்றில் நீர் கோத்து ஊசியால் எடுப்பது, தையல் ஓரம் பிரிவது, ரத்தம் கட்டுவது, நோய்த்தொற்று, மாற்றிவைத்த கொழுப்பின் ஒரு பகுதி இறுகிக் கட்டியாவது, வயிற்றுச் சுவர் புடைப்பது என அனைத்தும் அதில் அடங்கும். வட அமெரிக்காவின் 11 மையங்களில் மார்பக மறுசீரமைப்பு செய்துகொண்ட 2,343 பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு சிக்கலைச் சந்தித்தவர்கள் 32.9 விழுக்காடு. மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் வந்தவர்கள் 19.3 விழுக்காடு. நோய்த்தொற்று வந்தவர்கள் 9.8 விழுக்காடு. அதில் சிலிகான் பொருத்தியவர்களும் சொந்தத் திசுவால் செய்துகொண்டவர்களும் சேர்ந்தே இருந்தார்கள். ஆக, 'மூவரில் ஒருவர்' என்றவர் உங்களைப் பயமுறுத்தவில்லை. முறையாகத் தேடி, முறையாகப் பதிந்தால் கிடைக்கிற எண்ணையே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, 'சிக்கல் வருமா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'எத்தனை பேர் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார்கள், எத்தனை பேருக்குக் கட்டு மாற்றுவதோடு சரியாயிற்று' என்று இரண்டு மருத்துவர்களிடமும் கேளுங்கள். அறுவை சிகிச்சைச் சிக்கல்களைத் தரம் பிரிக்க 2004 முதல் உலகெங்கும் புழங்கும் கிளாவியன்-டிண்டோ முறை இந்த அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. சிக்கலின் பெயர் என்ன என்பதை விட்டுவிட்டு, அதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை வைத்து அது தரம் பிரிக்கிறது. படுக்கையிலேயே காயத்தைத் திறந்து சுத்தம் செய்வது முதல் தரம். ஆன்டிபயாடிக் அல்லது ரத்தம் ஏற்றுவது இரண்டாம் தரம். மீண்டும் அறுவையோ ஊசிவழித் தலையீடோ மூன்றாம் தரம். தீவிர சிகிச்சை தேவைப்படும் உயிராபத்து நான்காம் தரம். மரணம் ஐந்தாம் தரம். ஒரு மருத்துவர் தம் நோயாளிகளின் சிக்கல்களை இப்படிப் பிரித்துச் சொல்லக்கூடியவராக இருந்தால், அவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று பொருள். என் வரையில், அந்தக் கணக்கில் உள்ள எண் சிறிதா பெரிதா என்பதைவிட, கணக்கு இருக்கிறதா என்பதே எனக்கு முதலில் தெரிய வேண்டியது.

உங்கள் அக்காவின் நிலையில் கதிர்வீச்சுக்குத் தனி இடம் உண்டு. கதிர்வீச்சு பட்ட தோல் இறுகி, அதன் நுண்குழாய்கள் சுருங்கி, காயம் ஆறும் வலுவை ஓரளவு இழந்துவிடுகிறது. அத்தகைய மார்பில் சிலிகான் வைத்தால் அதைச் சுற்றி உடல் கட்டும் உறை தடித்து இறுகுவதும், தொற்று வந்து எடுக்க நேர்வதும் கூடுகின்றன. அதே ஆய்வுக் குழு கதிர்வீச்சு பெற்ற பெண்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குள் மார்பில் சிக்கல் கண்டவர்கள் சிலிகான் வைத்தவர்களில் 38.9 விழுக்காடாகவும், சொந்தத் திசுவால் செய்துகொண்டவர்களில் 25.6 விழுக்காடாகவும் இருந்தார்கள். கதிர்வீச்சே பெறாமல் சொந்தத் திசுவால் செய்துகொண்டவர்களில் அது 28.3 விழுக்காடு. அதாவது, வயிற்றிலிருந்து வரும் திசு தனக்கான ரத்த ஓட்டத்தைத் தானே கொண்டுவருவதால், கதிர்வீச்சு பட்ட இடத்திலும் அது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. இந்த வகையில் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் சிகிச்சைத் தேர்வு சரியானதே.

தமாக்ஸிஃபென் ரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றே கூட்டக்கூடியது என்பதால், நுண்குழாய் இணைப்புக்கு முன் அதைச் சில வாரங்கள் நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. தேவையில்லை என்பவர்களும் உண்டு. புற்றுநோய் மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜனும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. அக்கா தாமாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இரவுப்பணி எழுதியது:

ஐயா விரிவாகச் சொல்லிவிட்டார். ஃபிளாப் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் என்ற முறையில் எண்களுக்கு உள்ளே இருக்கும் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

அறுவை முடிந்து வரும் முதல் இரவில், பெரும்பாலான பிரிவுகளில் மணிக்கு ஒருமுறையாவது ஃபிளாப்பைப் பார்ப்போம். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். விரலால் மெல்ல அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடத்தில் இரண்டு மூன்று நொடிகளில் நிறம் திரும்ப வேண்டும். தோலில் தையல் நூலால் குறியிட்ட புள்ளியில் கையடக்க டாப்ளர் கருவியை வைத்து ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்போம். ஃபிளாப்புக்கு ரத்தம் வந்துசேராவிட்டால் அது வெளுத்து, குளிர்ந்து, தளர்ந்து கிடக்கும். ஊசியால் குத்தினாலும் ரத்தம் கசியாது. வந்த ரத்தம் திரும்பிப் போக வழியில்லாவிட்டால் நேர்மாறாக, ஊதாநிறமாகி, விறைத்து வீங்கி, அழுத்தி எடுத்த கணமே நிறம் திரும்பும். குத்தினால் கருஞ்சிவப்பு ரத்தம் வேகமாக வரும். இரண்டாவது வகைதான் அதிகம் வருகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைத் தவறவிடுவதற்கும் காரணம் உண்டு: நிறம் விரைவாகத் திரும்புவதால் ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும். கருமை கூடிய மேனியில் இந்த நிறமாற்றம் எளிதில் புலப்படாது என்பதால், அங்கே கண்ணைவிடக் கையையும் டாப்ளரையும் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த அடைப்புகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வருகின்றன. உடனே கண்டு, சில மணி நேரத்துக்குள் தியேட்டருக்குக் கொண்டுபோய் இணைப்பைத் திறந்து உறைகட்டியை எடுத்துவிட்டால், பல ஃபிளாப்கள் பிழைத்துவிடும். விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைப்பது அரிது. உங்கள் கேள்விக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்றால், அப்படித் தியேட்டருக்குத் திரும்பிய ஒவ்வொரு முறையும் 'சிக்கல்' என்ற கணக்கில் ஏறும். கூர்ந்து கவனித்து, சந்தேகம் வந்தவுடன் திறந்து பார்க்கும் பிரிவின் சிக்கல் எண் கூடித் தெரியும். இழந்த ஃபிளாப்களின் எண் குறைந்து தெரியும். ஆகையால், மறுபடியும் திறந்து பார்த்த எண்ணிக்கையைத் தனியே வைத்து யாரையும் எடைபோட வேண்டாம். அப்படித் திறந்ததில் எத்தனை காப்பாற்றப்பட்டன என்று சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்றையும் இரண்டு இடங்களிலும் கேட்டுவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஃபிளாப் நிறம் மாறினால் பார்ப்பது யார், அவர் இதற்கு முன் ஃபிளாப் பார்த்தவரா, அந்த நேரத்தில் தியேட்டரும் மயக்க மருத்துவரும் நுண்ணறுவை தெரிந்த சர்ஜனும் எவ்வளவு விரைவில் கிடைப்பார்கள்? பகலில் எவ்வளவு சிறந்த கைகளாக இருந்தாலும், இந்த ஏற்பாடு இல்லாத இடத்தை என் வீட்டுப் பெண்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணியல் எழுதியது:

நான் மருத்துவத்துறை சார்ந்தவன் இல்லை. ஆய்வுத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்பவன். '40 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை' என்ற வாக்கியத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு நிகழ்வு n பேரில் ஒருமுறைகூட நேரவில்லை என்றால், அதன் உண்மையான விகிதம் 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லைக்குள் 3/n வரை இருக்கலாம் என்பது எளிய கணக்கு விதி. ஹான்லி, லிப்மன்-ஹாண்ட் என்ற இருவர் 1983-இல் மருத்துவர்களுக்கென்றே இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். உங்கள் மருத்துவரின் 40 பேருக்கு இதைப் பொருத்தினால் 3/40, அதாவது 7.5 விழுக்காடு. அவருடைய உண்மையான இழப்பு விகிதம் ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம். இந்த 40 பேரை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அவர் சொன்னது பொய் என்று நான் கூறவில்லை. நற்செய்திதான்; ஆனால் அது தாங்கக்கூடியதைவிட அதிகமான பாரத்தை உங்கள் வீட்டார் அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள்.

எண் எப்படித் திரட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டி எடுத்த கணக்கில், வேறு மருத்துவமனைக்குப் போய் நீரை எடுத்துக்கொண்டவரும், வீட்டருகே கட்டு மாற்றிக்கொண்டவரும் 'சிக்கல் இல்லாதவர்' என்றே பதிவாகியிருப்பார்கள். ஒவ்வொரு நோயாளியையும் நெடுநாள் பின்தொடர்ந்து சிகிச்சை பலித்ததா, இல்லையென்றால் ஏன் என்று பதிந்து வெளியிட வேண்டும் என்று பாஸ்டன் நகரின் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1910-களிலேயே வாதாடினார். அதற்காகச் சக மருத்துவர்களின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். எத்தனை மாதம் வரை பார்த்தீர்கள், எத்தனை பேர் திரும்பி வரவே இல்லை என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வியன்று.

செந்தாழை எழுதியது:

இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவள் நான். இங்கே சொன்ன கணக்குகளின்படி நான் அந்த மூவரில் ஒருத்தி.

வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து, புதிய மார்பின் மேற்புறத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. கல்போல் இருந்தது, வலியில்லை. புற்றுநோய் வந்து போன ஒரு பெண்ணுக்குக் குளியலறையில் அப்படி ஒரு கட்டி கையில் தட்டுப்படுவது என்றால் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்கேன் எடுத்து, ஊசியால் திசு எடுத்துப் பரிசோதித்த பிறகு, ரத்தம் போதாமல் இறந்துபோன கொழுப்புதான் அது என்று உறுதியாயிற்று. மருத்துவக் கணக்கில் அது சிறிய சிக்கல். பரிசோதனை முடிவு வரும்வரை நான் அனுபவித்தது சிறியதில்லை. இப்படி ஒரு கட்டி வரக்கூடும், பெரும்பாலும் அது தீங்கற்றது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் காட்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

சிக்கல் என்று எந்தப் பட்டியலிலும் ஏறாதவையும் உண்டு. புதிய மார்பில் தொடு உணர்ச்சி மிகக் குறைவு. இப்போதும் வெந்நீர் ஒத்தடம் வைப்பதற்கு முன் கையில் சூடு பார்த்துக்கொள்கிறேன். தொப்புளுக்குக் கீழே ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளும் தழும்பு இருக்கிறது. வயிற்றை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் சில நாட்கள் குனிந்தபடியே நடக்க வேண்டியிருந்தது. கைகளை ஊன்றாமல் படுக்கையிலிருந்து எழ வெகுநாள் ஆயிற்று. மார்பின் வடிவத்தைச் சீராக்கவும் காம்பு அமைக்கவும் பிறகு சிறிய அறுவைகள் தேவைப்பட்டன. இவையெல்லாம் 'திட்டமிட்டவை' என்பதால் சிக்கலாக எண்ணப்படுவதில்லை; ஆனால் விடுப்பும் வலியும் நமக்குத்தான்.

இத்தனைக்கும் பிறகு, மறுபடியும் கேட்டாலும் செய்துகொள்வேன் என்பதே என் பதில். உள்ளாடைக்குள் எதையும் வைக்காமல் காலையில் உடை உடுத்திக்கொள்ள முடிவது எனக்குப் பெரிய விஷயம். என்னோடு சிகிச்சை பெற்ற இன்னொருவருக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. ஆனாலும் வயிற்றின் இறுக்கத்தை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மறுசீரமைப்பே வேண்டாம் என்று தட்டையான மார்போடு நலமாக வாழ்கிற தோழிகளும் எனக்கு உண்டு. அதுவும் ஒரு முழுமையான தேர்வுதான் என்பதை அக்காவிடம் யாராவது சொன்னார்களா?

சீரமைப்பாளர் எழுதியது:

செந்தாழை அம்மா எழுதியதை என் மாணவர்களுக்குப் படித்துக்காட்ட விரும்புகிறேன். சிக்கல் எண்ணிக்கையும் நோயாளியின் மனநிறைவும் ஒன்றுக்கொன்று இணையாகப் போவதில்லை என்பதால்தான், 2009-இல் 'பிரெஸ்ட்-க்யூ' என்ற வினாத்தொகுப்பு உருவாயிற்று. மார்பின் தோற்றம், மனநலம், பாலுறவு வாழ்க்கை, நெஞ்சுப் பகுதியின் உடல்நலம், வயிற்றின் உடல்நலம் ஆகியவற்றைப் பற்றி நோயாளியையே கேட்டு மதிப்பெண் இடுகிறது அது. நான் முன்பு குறிப்பிட்ட பெண்களிடம் இதே வினாக்களைக் கேட்டபோது, சொந்தத் திசுவால் செய்துகொண்டவர்கள் இரண்டாம் ஆண்டில் சிலிகான் வைத்தவர்களைவிடத் தங்கள் மார்பில் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள். வயிற்றைப் பொறுத்தவரை, அறுவைக்கு முன்பு இருந்த நிலைக்கு அவர்கள் முழுமையாகத் திரும்பவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே அக்காவிடம் வையுங்கள்.

இளையவள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செந்தாழை அக்கா, தட்டையான மார்போடு இருப்பதைப் பற்றி எங்களிடம் யாருமே பேசவில்லை. நேற்று அக்காவிடம் நானே சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, தமக்கு மறுசீரமைப்புதான் வேண்டும் என்றார்.

நீங்கள் எல்லோரும் சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு இரண்டு மருத்துவர்களையும் மறுபடியும் பார்த்தோம். முதலாமவர் ஃபிளாப் இழப்பை மட்டுமே எண்ணியிருந்தார். மற்றவற்றுக்குக் கணக்கு வைப்பதில்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இரண்டாமவர் ஒரு தாளில், மறுபடியும் தியேட்டருக்குப் போனவர்கள், அதில் காப்பாற்றியவை, வயிற்றுக் காயம் தாமதமாக ஆறியவர்கள் என்று தனித்தனியே எழுதிக் காட்டினார். அங்கே இரவுப் பணிக்கு நுண்ணறுவைப் பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் இருக்கிறார். அக்கா இரண்டாமவரையே தேர்ந்தெடுத்துவிட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். அக்காவின் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 8.6 இருக்கிறது; இதோடு போகலாமா? வயிற்றுத் திசு மேலே மூடியிருந்தால், நோய் திரும்பி வந்தால் தெரியாமல் போய்விடும் என்று அம்மா அஞ்சுகிறார், அது உண்மையா?

சீரமைப்பாளர் எழுதியது:

8.6 என்றால் நான் தேதி கொடுக்க மாட்டேன். சர்க்கரை கட்டுப்படாத உடலில் தையல் பிரிவதும் தொற்று வருவதும் கூடுகின்றன. குறிப்பாக, இழுத்துத் தைத்த வயிற்றுக் காயத்தின் நடுப்பகுதி முதலில் கைவிடும். இது அவசர அறுவையும் இல்லை. கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது தோல் இளகக் காத்திருப்பது பரவலான வழக்கம் என்பதால், அந்தக் காலத்தையே சர்க்கரையைக் குறைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். இலக்கை உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். என் நோயாளியாக இருந்தால் ஏழரைக்குக் கீழே வரும்வரை காத்திருப்பேன். ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வயிற்றிலுள்ள நுண்குழாய்கள் எங்கே மேலெழுகின்றன என்று காட்டும் சிடி ஆஞ்சியோகிராமை அறுவைக்குச் சற்று முன்னர் எடுப்பார்கள்.

அம்மாவின் அச்சத்தைப் பொறுத்தவரை, மறுசீரமைப்பு செய்துகொள்வதால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை. கண்டுபிடிப்பது குறிப்பிடத்தக்க அளவுக்குத் தாமதமாவதாகவும் தெரியவில்லை. மார்பகம் அகற்றிய இடத்தில் நோய் திரும்பினால் அது பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வருகிறது. ஃபிளாப் அதற்குக் கீழே இருப்பதால், கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையிலேயே தட்டுப்படும். புற்றுநோய் மருத்துவர் குறித்துக் கொடுத்த பரிசோதனைத் தேதிகள் அறுவைக்குப் பிறகும் அப்படியே தொடரட்டும். அவர் பரிசோதிக்கும்போது கொழுப்பு இறுகிய கட்டி எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், அப்படி ஏதேனும் உருவானால் அது எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கிறது என்பதை உங்கள் சர்ஜனிடம் எழுதி வாங்கி அவரிடம் கொடுத்துவிடுங்கள்.